அமரர் என்ற சொல் இருந்த இடம்

திங்கட்கிழமை காலை நான் வேலைக்குப் போனபோது, சூளையிலிருந்து வெளியே வந்து கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த அலுமினியப் பலகையில் என் தம்பி செத்துப்போயிருந்தான். காவி நிறத்தின் மேல் பொன் எழுத்து. 'உபயம்: அமரர் செல்லத்துரை நிருஜன்.' எழுத்து எங்கும் வழியவில்லை, விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. சனிக்கிழமை மேலதிக நேரம் நின்று அதை அடித்தவன் பியோத்தர். போலந்துக்காரன், ஒரு தமிழ் எழுத்தும் தெரியாது. கோயிலிலிருந்து வந்த எழுத்து வடிவத்தை அப்படியே வெட்டி ஒட்டி அடித்துவிட்டு, இப்போது கையைத் துடைத்தபடி என் பக்கத்தில் வந்து நின்று எப்படி இருக்கிறது என்று பெருமையோடு கேட்டான். நான் தமிழில் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அவனைத் திட்டவில்லை, பாவம். அது பொதுவாக உலகத்துக்குச் சொன்னது.

நான் கோயிலுக்கு எழுதிக் கொடுத்தது மூன்றே சொல். உபயம், செல்லத்துரை, நிருஜன். நடுவில் இந்த அமரர் எப்படி வந்து குந்தினார் என்பதை ஊகிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. எங்கள் சனத்தின் கண் அப்படிப் பழகிவிட்டது. பெயருக்குப் பின்னால் 'குடும்பம்' என்று இல்லாமல், ஓர் இளம் பெடியனின் பெயர் தனியாக நின்றால், அவன் செத்தவன்தான். படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம், பெயருக்கு முன்னால் அமரர், கீழே 'பிரிவால் துயருறும்'. யோசிக்காமலே கை அதைப் போட்டுவிடும்.

நாங்கள் குரோய்டனில் செய்யும் வேலை கட்டடங்களுக்குப் போகும் உலோகத்துக்கு நிறம் அடிப்பது. ஜன்னல் சட்டம், கூரை விளிம்பு, மாடிக் கட்டடங்களின் வெளித்தகடு எல்லாம் வரும். சாதாரண நிறம் அடிப்போம், அதைவிட மேலாகப் புளோரோபொலிமர் பூச்சும் அடிப்போம். தோசை ஒட்டாத சட்டியில் உள்ள கறுப்புப் பூச்சு இருக்கிறதல்லவா, அதற்கு இது ஒன்றுவிட்ட சகோதரம். அடிப்பூச்சு, நிறம், அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு தெளிந்த பூச்சு. பிறகு சூளைக்குள் வேகவேண்டும். வெந்து வந்தபின் வெயில் அதை வெளுக்காது, மழை கரைக்காது, அழுக்கு பிடிக்காது. அதன் மேல் வேறொரு பெயின்ற் அடிக்கப் பார்த்தால் அதுவும் ஒட்டாது, தோல் உரிந்து வந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மனேஜர் என்னைக் கூரைக்குக் கூட்டிப்போய் ஒரு சட்டத்தைக் காட்டினார். கைவிரல் நீளத் தகடுகளில் விதவிதமான பூச்சுகளை அடித்து, வானத்தைப் பார்க்க வருடக்கணக்காக வைத்திருந்தார்கள். சில தகடுகள் சாம்பல் பூத்துச் சுண்ணாம்பாய்க் கிடந்தன. ஒரு சிவப்புத் தகடு, நான் லண்டனுக்கு வருவதற்கு முன்பே வைத்தது. மேலே இருந்த தூசியைக் கம்பளிச் சட்டையின் கையால் துடைத்தேன். சிவப்பு அப்படியே என்னைப் பார்த்தது. இப்படியும் ஒன்று காத்துக்கொண்டிருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நோர்பரியில் உள்ள எங்கள் கோயில் ஒருகாலத்தில் ஒரு கார்பெட் கடை. கோயிலாக்கியபின் முகப்பில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தார்கள். கண்ட கண்ட பெயின்றை வாங்கி அடித்ததில் காவி ஐந்தாறு மாரியோடு றோஸ் நிறமாகி, பிறந்தநாள் கேக் மாதிரி ஆகிவிட்டது. கும்பாபிஷேகத்துக்கு முகப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது நான்தான் எழுந்து சொன்னேன். அலுமினியத் தகட்டில் இந்தப் பூச்சை அடித்துப் போட்டால் முப்பது வருடத்துக்கு யாரும் ஏணி வைக்கத் தேவையில்லை என்று. சும்மா சொல்லவில்லை, கூரையில் இருந்த சிவப்புத் தகட்டைக் கழற்றிக்கொண்டுபோய்க் காட்டினேன். தலைவர் சபாரத்தினம் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய மனைவி தவநாயகி அக்கா மடப்பள்ளியிலிருந்து ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வடிவா இருக்கு" என்றார். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

கீழ் வரிசைப் பலகைகள் உபயகாரர்களுக்கு. ரியூப் லைற்றில்கூட வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பெயர் எழுதும் ஆட்கள் நாங்கள், முகப்பை விடுவோமா. வாசலுக்கு வலப்பக்கம் கடைசிப் பலகையை நான் எடுத்தேன், தம்பியின் பெயரில்.

நிருஜனை, ஊரில் சண்டை முடிந்த நாளில், அம்மா தன் கையால் இராணுவத்திடம் ஒப்படைத்தாள். பதிவுசெய்துவிட்டு விடுவார்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னதைக் கேட்டு, பெடியனின் தலையைக் கையால் ஒதுக்கிவிட்டு, பஸ்ஸில் ஏற்றினாள். பஸ் போனது. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. இதில் எந்த இடத்தில் அவன் அமரர் ஆனான் என்று யாராவது எனக்குச் சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். இருக்கிறான் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு எனக்கு இருக்கும் உரிமையைத்தான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்கிறேன். உபயம் என்பது கொடுப்பது. என் தம்பி கொடுத்தவர்களின் வரிசையில் நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். எப்போதாவது ஒருநாள் நோர்பரி ஸ்டேசனில் இறங்கி நடந்து வந்தால், நரைத்த தலையோடு வந்தாலும், தன் பெயரைத் தானே வாசிக்கட்டும். அதற்குத்தான் வெளுக்காத பூச்சு.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் பலகையை ஒரு பழைய போர்வையில் சுற்றி, என் கணவர் சயந்தனின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சயந்தன் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறார். சண்டை என்றால் தெருவின் மற்றப் பக்கத்தால் போகும் மனிதர். "நான் வெளியிலை நிக்கிறன்" என்று வானிலேயே இருந்துவிட்டார்.

சபாரத்தினம் அலுவலக அறையில் அழைப்பிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் போர்வையை விலக்கிப் பலகையை அவருடைய மேசையில் சாய்த்தேன்.

"அண்ணை, இதிலை அமரர் எண்டு ஆர் போட்டது? உங்களுக்கு எழுத்துக் கீறித் தாற பெடியனோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பெடியன் இல்லை. நான்தான் போடச் சொன்னனான். இரும் பிள்ளை."

நான் இருக்கவில்லை. பெடியனின் பழக்கதோசம் என்று நினைத்து வந்த எனக்கு, கோபம் புதிதாக ஒருமுறை ஏறியது.

"என்னைக் கேக்காமலோ?"

"கேட்டா வேண்டாம் எண்டிருப்பீர். கும்பாபிசேகம் ஒரு மங்கள காரியம். இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாத ஆளின்ரை பேரிலை உபயம் வைக்கிற முறை இல்லைப் பிள்ளை. ஐயரும் அப்பிடித்தான் சொல்லுறார். விருப்பமில்லையெண்டா, ஜெயகௌரி குடும்பம் எண்டு மாத்துவம். உமக்கும் பேர், எங்களுக்கும் பிரச்சினை இல்லை."

"எனக்குப் பேர் வேண்டாம். எனக்குப் பேர் இருக்கு."

எனக்கு வாய் நிற்கவில்லை. "நான் முதன்முதல் அகதியெண்டு பதிய குரோய்டனிலை அந்தப் பெரிய கந்தோரிலை போய் நிக்கேக்கை, சகோதரம் உயிரோடையோ, இல்லையோ எண்டு கேட்டவை. தெரியாது எண்டனான். அந்த வெள்ளைக்காரப் பொம்பிளை தெரியாது எண்டே எழுதினவ அண்ணை. அந்தக் கந்தோரிலை தெரியாது எண்ட சொல்லுக்கு இடம் இருந்தது. எங்கடை கோயிலிலை இல்லையோ?"

அவருடைய முகம் மாறியது. கோபம் வரப்போகிறது என்று நான் தயாராக நின்றேன், வந்தது வேறு. அழைப்பிதழ் கட்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"என்ரை லக்‌ஷன்ரை பலகை வாசலுக்கு மற்றப் பக்கம் நிக்குது. கண்டனீரோ?"

"நான்தான் அடிச்சனான்."

"ஓம். அமரர் சபாரத்தினம் லக்‌ஷன். அவனும் அண்டைக்குக் கையளிச்ச பிள்ளைதான். உம்மடை தம்பி ஏறின பஸ்ஸோ, பின்னாலை வந்த பஸ்ஸோ, ஆருக்குத் தெரியும்? இவள் தவநாயகி இரவிரவாய் வாசல் லைற்றைப் போட்டுப்போட்டுக் குந்தியிருந்தவள். மருந்து குடுத்தும் சரிவரேல்லை. கடைசியா நான்தான் அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்வம் எண்டு சொல்லி, ஐயரைக் கூப்பிட்டு, எல்லாம் முறைப்படி செய்து முடிச்சனான். அதுக்குப் பிறகுதான் படுக்கிறாள். இப்ப உம்மடை பலகை அமரர் இல்லாமல் இஞ்சை நிண்டா, அவள் இதையும் பாப்பாள், அதையும் பாப்பாள். பாத்துப்போட்டு என்னை என்ன கேப்பாள், சொல்லும் பாப்பம்?"

லக்‌ஷனும் காணாமல் போனவன் என்பது எனக்கு அந்த நிமிடம்வரை தெரியாது. அமரர் என்று வந்தது, அமரர் என்று அடித்தேன். அந்தச் சொல் அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கதவைச் சாத்திவிடும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. அவரைப் பார்க்க எனக்கு உண்மையாகவே மனம் உருகியது. அந்த இடத்தில் நான் இளகிப்போயிருந்தால் கதை சுமுகமாக முடிந்திருக்கும். என்னால் ஏலவில்லை.

"அண்ணை, உங்கடை வீட்டிலை நீங்கள் செய்ததைப் பிழை எண்டு சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனா, உங்கடை வீட்டு நித்திரைக்கு என்ரை தம்பி சாக ஏலாது."

"அப்ப இந்தப் பலகை ஏறாது."

"ஏறும்" என்று சொல்லிவிட்டுப் போர்வையைத் திரும்பச் சுற்றினேன்.

அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பியோத்தரிடம் விசயத்தைச் சொன்னேன். ஒரு சொல்லுக்குள் இவ்வளவு இருக்குமா என்று அவன் பாண் துண்டைக் கையில் வைத்தபடி கேட்டான். பிறகு தன் தாத்தாவுக்கும் அவர்களுடைய ஊரில் வெறும் பெட்டியைத்தான் புதைத்தார்கள் என்றான். புதுத் தகட்டில் திரும்ப அடித்துத் தருகிறேன், அதே நிறக் கலவை மிச்சம் இருக்கிறது, ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது என்றும் சொன்னான். நல்ல மனதோடுதான் சொன்னான். ஒரு நிமிடம் நானும் ஆசைப்பட்டேன். பிறகு, ஒருவருக்கும் தெரியாது என்ற அந்த வார்த்தையே எனக்குக் கசந்தது. என் தம்பியின் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதை நான் எடுத்தேன். எடுத்தது தெரியவேண்டும்.

கிரைண்டரை எடுத்து மென்மையான தட்டைப் பூட்டி, கண்ணுக்கு மூடி போட்டுக்கொண்டு தொடங்கினேன். அந்தப் பூச்சு இலேசில் விடுகிற சாமான் இல்லை. முதலில் மினுக்கம் போனது, பிறகு பொன், பிறகு காவி, பிறகு அடிப்பூச்சின் மஞ்சள். இத்தனை வருடமாக ஒட்டவைக்க மட்டுமே பழகிய கைக்கு உரிப்பது புதிது. கடைசியில் வெள்ளையாக உலோகம் தெரிந்தது. 'உபயம்' என்பதற்கும் 'செல்லத்துரை' என்பதற்கும் இடையில் ஒரு தீப்பெட்டி அளவு வெறும் அலுமினியம். பியோத்தர் குனிந்து பார்த்துவிட்டு, காயத்தின் விளிம்பால் ஈரம் போகும், இந்தப் பலகைக்கு மட்டும் கம்பனி உத்தரவாதம் கிடையாது என்றான். உத்தரவாதம் யார் கேட்டது என்றேன்.

எண்ணெய்க்காப்பு நாளன்று விடியற்காலமே வானை எடுத்துக்கொண்டு போனோம். எண்ணெய்க்காப்பு அன்று சனம் வரிசையில் நின்று மூலவருக்குத் தங்கள் கையாலேயே எண்ணெய் சாத்தலாம், அதனால் வராத ஆட்களும் வருவார்கள். மழை இலேசாகத் துமித்துக்கொண்டிருந்தது. முகப்பு முழுவதும் பூட்டி முடித்து, வலப்பக்க மூலையில் மட்டும் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி. நான் பலகையைப் பிடித்தேன், சயந்தன் ஆணி முடுக்கினார்.

"நீங்களும் இது பிழை எண்டோ நினைக்கிறியள்?" என்று கேட்டேன்.

"பிழை எண்டு சொல்லேல்லை. சண்டை எண்டுதான் சொல்லுறன்" என்றார். சொல்லிக்கொண்டே கடைசி ஆணியை மற்றவற்றைவிட இறுக்கமாக முடுக்கினார். அந்த மனிதரை நான் கட்டியதற்கான காரணம் இப்படி எப்போதாவதுதான் வெளியே தெரியும்.

சபாரத்தினம் பட்டு வேட்டியும் சால்வையுமாக வந்து இறங்கியபோது வரிசை தெருவின் வளைவுவரை போயிருந்தது. நேராக எங்களிடம்தான் வந்தார். பலகையைப் பார்த்தார். அந்த வெறும் உலோகத் துண்டை அதிக நேரம் பார்த்தார்.

"கழட்டும் பிள்ளை."

"நான் கழட்டமாட்டன் அண்ணை. கழட்டவேணுமெண்டா நீங்கள் கழட்டுங்கோ." சயந்தனின் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வாங்கி அவரிடம் நீட்டினேன். வரிசையில் எண்ணெய்ப் போத்தலோடு நின்ற ஒரு கிழவர் நன்றாகக் கேட்கவேண்டும் என்று ஒரு காதைத் திருப்பினார்.

அவர் ஸ்குரூ டிரைவரை வாங்கினார். முதல் ஆணியின் தலையில் அதை வைத்தார். அப்படியே நின்றார். 'நிருஜன்' என்ற பெயர் அவருடைய முகத்துக்கு நேரே இருந்தது. உள்ளே நாதஸ்வரம் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்குரூ டிரைவரை வேட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மத்தியானம்வரை அங்கேயே நின்றேன். யாராவது வந்து கழற்றிவிடுவார்களோ என்ற பயம்தான். எண்ணெய் சாத்திவிட்டு வெளியே வரும் எங்கள் சனம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கையைத் துடைக்கத் துண்டு கொண்டுவந்திருக்காது, பக்கத்தில் இருக்கும் சுவரில் பூசிவிட்டுப் போகும். புதுப் பலகைகள் எல்லாம் கைத்தடமாகின. நான் ஒரு பழந்துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். ஒரு இழுவை, தடம் போய்விடும், காவி பழையபடி பளிச்சென்று நிற்கும். தம்பியின் பலகையில் மட்டும் அந்த வெறும் துண்டு எண்ணெயைக் குடித்துக் கொஞ்சம் கறுத்தது. அதைத் துடைக்காமல் விட்டேன். சிலர் வாசித்துவிட்டு, இது என்ன அழிந்துபோய்க் கிடக்கிறது என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். ஒருத்தி, கேட்டுவிட்டு, தன் அண்ணனுடைய பெயரைச் சொன்னாள்.

மழை பிடித்துக்கொண்ட நேரம் தவநாயகி அக்கா வெளியே வந்தார். காலையிலிருந்து மடப்பள்ளியில் நின்றிருக்கவேண்டும், முந்தானை முழுக்க மாவு. எண்ணெய் சாத்திய கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார். யாரோ உள்ளே சொல்லியிருப்பார்கள். நேரே நிருஜனின் பலகைக்கு முன்னால் வந்து நின்று, வாய்க்குள் எழுத்துக்கூட்டி வாசித்தார். உபயம். பிறகு அந்த வெறும் இடத்தில் விரலை வைத்தார். அதன் ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்குத் தடவினார். பிறகு செல்லத்துரை. பிறகு நிருஜன்.

வாசலில் சபாரத்தினம் வந்து நின்றதை நான் கண்டேன். அக்கா காணவில்லை.

"கௌரி, இதை எதாலை எடுத்தனீர்?"

"கிரைண்டராலை அக்கா."

"நோகாமல் வருமோ?"

"கஸ்டப்பட்டுத்தான் வரும்" என்றேன்.

"அந்தியேட்டி முடிஞ்ச அண்டைக்கும் நான் படுக்கேல்லை" என்றார் அக்கா, யாரிடம் என்று இல்லாமல். "அவர் படுக்கட்டும் எண்டு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான்."

சொல்லிவிட்டு வாசலைத் தாண்டி மற்றப் பக்கம் போனார். லக்‌ஷனின் பலகைக்கு முன்னால், நனைந்த சிமெந்தில், சேலையை ஒதுக்கிக்கொண்டு குந்தினார். எண்ணெய்ப் பெருவிரலின் நகத்தை அமரர் என்ற சொல்லின் முதல் எழுத்தில் வைத்துச் சுரண்டத் தொடங்கினார். அந்தப் பூச்சை எனக்குத் தெரியும். நகத்துக்கு வராது. அதை அடித்தவள் நான், மூன்று பூச்சும் என் கையால் போனது. எண்ணெய் பட்டுப் பட்டு அந்தப் பொன் எழுத்து இன்னும் மினுங்கியதே தவிர, ஒரு துகள் உதிரவில்லை. கிரைண்டர் வானுக்குள் போர்வைக்குக் கீழே இருந்தது. சயந்தன் என்னைப் பார்த்தார். நான் சபாரத்தினத்தைப் பார்த்தேன்.

அவர் வாசலில் யாரோ சாத்திவைத்திருந்த குடையை எடுத்தார். படியில் இறங்கி, வெறுங்காலோடு மழைக்குள் நடந்து போய், மனைவிக்குப் பின்னால் நின்று குடையை விரித்து அவருடைய தலைக்கு மேலே பிடித்தார். சால்வை நனைந்து முதுகில் ஒட்டியது. இடுப்பில் ஸ்குரூ டிரைவர் செருகியபடியே இருந்தது. அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. குடைக்குக் கீழே நகம் சுரண்டும் சத்தம் மட்டும், மழைச் சத்தத்துக்கு நடுவில், நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.